பேத்தியின் அழைப்பிதழ் இப்போது யார் கையில்?

தை மாதம் பேத்திக்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்தினோம். மகள் குடும்பம் அறந்தாங்கியில் இருந்தாலும் விழா மணமேல்குடி வீட்டில்தான் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அவளுக்கு இது பிறந்த ஊர். நான் ஓய்வு பெற்ற பிறகு காரைக்காலிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவன். அழைப்பிதழ் அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் குமாஸ்தாவாக மெமோ எழுதியவன், பிழை இல்லாமல் பார்த்துக்கொள்வான் என்று ஒரு நம்பிக்கை. பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு ஒற்றுப் பிழை கண்ணில் படாது என்பதை நான் வீட்டில் இதுவரை சொன்னதில்லை.

பேத்திக்குப் பதின்மூன்று வயது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தாத்தா, ரோட்டுல ஃப்ளெக்ஸ் வைக்கக் கூடாது. என் போட்டோ எங்கயும் போகக் கூடாது" என்றாள். அவள் வகுப்புப் பெண் ஒருத்திக்கு இதே மாதிரி ஃப்ளெக்ஸ் வைத்தார்களாம். பையன்கள் அதைச் செல்போனில் படம் பிடித்து எதை எதையோ எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண் நான்கு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. தாய்மாமனான என் மகனுக்கு ஃப்ளெக்ஸ் இல்லாததில் வருத்தம்தான். கடைசியில், ஃப்ளெக்ஸ் கிடையாது, அழைப்பிதழில் மட்டும் சின்னதாக ஒரு படம் என்று சமாதானம் ஆனது. பேத்திக்கு நான் வாக்குக் கொடுத்தேன்: "நூற்றைம்பது கார்டுதாம்மா. நம்ம சொந்தக்காரங்க கையில மட்டும்தான் இருக்கும்."

அந்த வாக்கைத்தான் என்னால் காப்பாற்ற முடியவில்லை.

கடைவீதியில் ஜெராக்ஸ், ஃப்ளெக்ஸ், ஆதார் திருத்தம் எல்லாம் செய்யும் கடை ஒன்று. கடைத் தம்பி நல்ல பிள்ளை. "உட்காருங்கய்யா, அஞ்சு நிமிஷம்" என்று கம்ப்யூட்டரில் இணையத்தைத் திறந்தான். குத்துவிளக்கும் தாமரையும் போட்ட மாதிரிகள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைத் தொட்டேன். என் செல்போனிலிருந்து படத்தை வாங்கி அதில் ஏற்றினான். நான் சொல்லச் சொல்ல அவன் அடித்தான்.

நம்மூர் அழைப்பிதழில் என்னென்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெண்ணின் பெயர், படம், விழா நாள், வீட்டு முகவரி, அப்பா அம்மா பெயர், அவர்கள் வேலை, தாத்தா பாட்டி நான்கு பேர், தாய்மாமன் படிப்பு, சித்தப்பா எந்த நாட்டில் இருக்கிறார், கீழே இரண்டு செல்போன் நம்பர். குடும்ப அட்டையில்கூட இவ்வளவு விவரம் கிடையாது. இவ்வளவையும் நான் உட்கார்ந்த இடத்தில் வாயால் ஒப்பித்துக் கொடுத்துவிட்டு, "தாமரை கொஞ்சம் பெருசா இருக்கட்டும் தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

விழா நன்றாக நடந்தது. இரண்டு வாரம் கழித்து கட்டுமாவடி நண்பர் ஒருவர் போன் செய்தார். அவர் வீட்டு விசேஷத்துக்கு அதே கடைக்குப் போயிருக்கிறார். "இந்த மாதிரி போடலாமா" என்று தம்பி திரையில் ஒன்றைக் காட்டினானாம். "உங்க பேத்தியை அங்க பார்த்தேன்" என்றார். நல்ல செய்தி சொல்வது போலத்தான் சொன்னார்.

உடனே கிளம்பிக் கடைக்குப் போனேன். தம்பி எதையும் மறைக்கவில்லை. அந்த சாஃப்ட்வேரில் அவனுக்குச் சொந்தக் கணக்கே இல்லை. முழு வசதியும் வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும். அதற்குப் பதிலாக யாரோ ஒருவர் வாங்கி வைத்திருக்கும் குழுக் கணக்கில் வருடத்துக்கு இருநூறு ரூபாய் கொடுத்து ஓர் இடம் பிடித்திருக்கிறான். ஆள் யார் என்று தெரியாது. ஒரு வாட்ஸ்அப் எண், அவ்வளவுதான். திரையைத் திருப்பிக் காட்டினான். பொதுவான ஒரு பெட்டியில் இவனைப் போன்ற கடைக்காரர்கள் செய்த வேலைகள் வரிசையாக இருந்தன. எந்த ஊரிலோ ஒரு குழந்தையின் முதல் பிறந்த நாள். யாருக்கோ கண்ணீர் அஞ்சலி. ஒரு கல்யாணம், மணப்பெண்ணின் தகப்பனார் நம்பரோடு. நான் அவற்றைப் பார்த்தேன். அப்படியென்றால் அவர்களும் என் பேத்தியைப் பார்த்திருப்பார்கள்.

எந்த சாஃப்ட்வேர், எந்தக் கடை என்று இங்கே எழுதப் போவதில்லை. குற்றம் சொல்வதென்றால் அவசரத்தில் அழைப்பிதழ் கேட்ட என்னிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காரைக்காலில் எங்கள் தெருமுனையில் ஓர் அச்சகம் இருந்தது. என் கல்யாணப் பத்திரிகை அங்கேதான் அடித்தது. அந்தக் கம்பாசிட்டருக்கு ஊர் ரகசியம் அத்தனையும் தெரியும். யார் வீட்டில் கல்யாணம், எந்தச் சாவுக்குக் கருமாதி என்றைக்கு, எந்தக் கல்யாணம் நின்று போய்ப் பத்திரிகையை வாங்க ஆள் வரவில்லை என்பது உட்பட. ஆனால் பத்திரிகை அடித்து முடித்ததும் அவர் ஒரு காரியம் செய்வார். கோத்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அறை அறையாக இருக்கும் மரத்தட்டில் திரும்பப் போட்டுவிடுவார். ஈயம் விலை அதிகம். என் கல்யாணத்துக்கு நின்ற அதே 'ம' மறுநாள் வேறொருவர் கருமாதிக்கு நிற்க வேண்டும். நம்மைக் காப்பாற்ற அவர் அப்படிச் செய்யவில்லை, சிக்கனத்துக்காகச் செய்தார். ஆனாலும் அந்தச் சிக்கனம் நம்மைக் காப்பாற்றியது.

பிறகு பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் வந்தன. அப்போதும் வேலை அந்தக் கடைக் கம்ப்யூட்டரோடு நின்றது. இப்போது கிளவுட். பெயர்தான் மேகம், உண்மையில் அது எங்கோ இருக்கும் வேறொருவருடைய கம்ப்யூட்டர். அங்கே எழுத்தைப் பிரித்துப் போடுகிறவர் யாரும் இல்லை. வைத்துக்கொள்ள ஆகும் செலவு குறைந்து போனதால் அழிக்க வேண்டிய அவசியமும் போய்விட்டது.

இதுவரை சொன்னது நாம் ஏற்றிவிட்ட படத்தைப் பற்றி. இதற்கு அடியில் இன்னொரு பதிவு ஓடுகிறது. அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

கடையில் உட்கார்ந்தே தம்பியிடம் கேட்டேன், பிறகு வீட்டில் மருமகனிடம் கேட்டேன். அவர் இதே துறையில் வேலை செய்கிறார். இணையத்தில் ஓடும் இந்த மாதிரி சாஃப்ட்வேரில் நாம் தொடுவது ஒவ்வொன்றும் ஒரு வரியாகப் பதிவாகும் என்றார் அவர். எந்த மாதிரியைத் திறந்தோம், தேடும் இடத்தில் என்ன சொல் அடித்தோம், எதைப் பாதியில் விட்டோம், எந்த ஊர்ப் பக்கத்திலிருந்து, எந்தக் கருவியில், எத்தனை மணிக்கு. 'பூப்புனித நீராட்டு' என்று தேடினால் அந்தக் கணக்குக்கு அருகில் வயதுக்கு வந்த ஒரு பெண் இருக்கிறாள் என்று பொருள். 'கண்ணீர் அஞ்சலி' என்று தேடினால் ஒரு சாவு. எழுதி முடிக்கக்கூட வேண்டாம், தேடினாலே போதும். சில இணையதளங்கள் திரையில் சுட்டி நகர்வதையே படம் பிடித்தாற்போல் திரும்ப ஓட்டிப் பார்க்கும் வசதியைப் போட்டு வைத்திருக்கின்றன. 2017-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதிகம் பேர் போகும் 50,000 இணையதளங்களைச் சோதித்ததில் 482 தளங்களில் இப்படிப்பட்ட நிரல்களைக் கண்டார்கள். அடித்துவிட்டு, அனுப்பாமல் அழித்த எழுத்துகள்கூடச் சில இடங்களில் போயிருந்தன.

மருமகன் நியாயமாகவே ஒன்று சொன்னார். "மாமா, எண்ணிப் பார்க்காம எப்படி சாஃப்ட்வேரைச் சரி பண்றது? நூறு பேர் ஒரு பட்டனைத் தேடித் தேடி விட்டுட்டுப் போறாங்கன்னா அந்த பட்டன் இடம் தப்புன்னு தெரிய வேண்டாமா?"

ஒத்துக்கொள்கிறேன். நானும் எண்ணிக் கொடுத்தவன்தான். மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் மேலிடத்துக்கு ஒரு கணக்கு அனுப்புவோம். எத்தனை மனு வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை நிலுவை. அதில் ஒருவர் பெயரும் இருக்காது. மேலதிகாரிக்குத் தேவைப்பட்டது எண்ணிக்கை. மனு கொடுத்த அம்மா வாசலில் எவ்வளவு நேரம் நின்றாள், விண்ணப்பத்தில் எதை எழுதி எதை அடித்தாள் என்று நாங்கள் குறித்துக்கொண்டதில்லை. குறித்திருந்தால் சூப்பரின்டெண்டென்ட் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அலுவலகத்தில் ஒரு கோப்பு நகர்ந்தால் நகர்வுப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். யாரிடம் போனது, எந்தத் தேதி, திரும்பி வந்ததா. ரெக்கார்ட் ரூமிலிருந்து ஒரு பழைய கட்டை எடுத்தால் எடுத்தவர் கையெழுத்து வேண்டும். அதாவது பொதுஜனத்தின் காகிதத்தைத் தொட்டவன் மாட்டிக்கொள்வான். இந்த சாஃப்ட்வேர்களில் அது தலைகீழாகிவிட்டது. நான் விரலை அசைத்ததற்கு அவர்களிடம் பதிவேடு இருக்கிறது. என் பேத்தியின் படத்தை யார் திறந்தார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு பதிவேடும் இல்லை. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இதுதான் பொறுக்கவில்லை.

"பெயரை நீக்கிவிட்டுத்தான் வைத்துக்கொள்கிறோம்" என்பது வழக்கமாக வரும் பதில். இதற்குச் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் நாராயணன் என்பவர் நல்ல பதில் கொடுத்திருக்கிறார். மேலே சொன்ன பிரின்ஸ்டன் ஆய்விலும் இவர் ஒருவர். 2006-ல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஒரு போட்டிக்காகச் சுமார் 4,80,000 சந்தாதாரர்கள் படங்களுக்குக் கொடுத்த 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. நாராயணனும் அவருடைய பேராசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகோவும் அதை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒருவர் மதிப்பெண் கொடுத்த எட்டுப் படங்கள் தெரிந்தால் போதும். அதில் இரண்டு தவறாக இருக்கலாம், தேதி இரண்டு வாரம் முன்பின் இருக்கலாம். அப்போதும் நூற்றுக்கு 99 பதிவுகளைத் தனியே பிரித்தெடுத்துவிடலாம் என்று காட்டினார்கள். வேறோர் இணையதளத்தில் சொந்தப் பெயரில் மதிப்பெண் போட்டவர்களோடு பொருத்தி, சிலரை அடையாளமும் கண்டார்கள். பெயரில்லாத எட்டுப் படங்களுக்கே இப்படியென்றால், மணமேல்குடியில் தை மாதம் மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ் தேடியவரைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் தெருவில் இருக்கும் பால்காரரே சொல்லிவிடுவார்.

டீக்கடையில் இதைப் பேசினால், "நமக்கு ஒளிக்க என்ன இருக்கு சார்?" என்கிறார்கள். எனக்கு ஒன்றும் இல்லைதான். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இருக்கிறது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் இருபத்திரண்டு வயதில் வேலைக்குப் போகும்போது இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவள் அவள்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒன்று நடந்தது. என் மாமா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பாரிஸில் இருந்த அவர் பிள்ளை பழைய பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக அனுப்புவான். மாமாவுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும். பிரெஞ்சு அரசு எல்லா இலாகாக்களின் கோப்புகளையும் ஒரே நம்பரால் இணைத்துக் கம்ப்யூட்டரில் போடத் திட்டமிட்டிருக்கிறது, திட்டத்தின் பெயர் 'சஃபாரி' என்று லெ மோந்த் பத்திரிகை வெளியே கொண்டு வந்தது. 1974 மார்ச் 21. பிரெஞ்சுக்காரர்களை வேட்டையாடப் போகிறார்கள் என்பது போலத் தலைப்பு. நாடே கொதித்தது, திட்டம் நின்றது. 1978 ஜனவரி 6-ல் ஒரு சட்டம் போட்டு, குடிமக்கள் விவரங்களைக் காக்க க்னில் என்ற ஆணையத்தை அமைத்தார்கள். மாமா கேட்டுவிட்டு, "நம்பர்ல சேர்த்தா என்னடா, எனக்கு பென்ஷன் சீக்கிரம் வருமே" என்றார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

அதே க்னில் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டதாக அறிவித்தது. குற்றம் என்ன தெரியுமா? பின்தொடரும் 'குக்கி'களை ஏற்க ஒரு முறை தட்டினால் போதும், மறுக்கப் பல முறை தட்ட வேண்டும். அவ்வளவுதான். மறுப்பதும் ஏற்பதைப் போலச் சுலபமாக இருக்க வேண்டும் என்றார்கள். இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மனுவை ஏற்கும் ஜன்னல் ஒன்று, ஆட்சேபணைக்கு நான்கு மாடி ஏறு என்று வைத்த அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் நாட்டில் இந்த உரிமையை வாங்கித் தந்தவர் நம்மைப் போன்ற ஒரு பென்ஷன்காரர். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-ல் ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனபோது அவருக்கு வயது 86. 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதற்குப் பிறகு 2023-ல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அமலாக அங்கிருந்து பதினெட்டு மாதம், அதாவது 2027 மே. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கண்காணித்துப் பின்தொடரக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது, பெற்றோர் சம்மதம் சரிபார்க்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நல்லதுதான்.

ஆனால் சாஃப்ட்வேருக்குத் தெரிந்த பயனர் முப்பது வயதுக் கடைத் தம்பி. என் பேத்தி அதில் கணக்கே வைத்திருக்கவில்லை. "என்னைப் பின்தொடராதே" என்று அணைக்கும் சுவிட்ச் கணக்கு வைத்திருப்பவருக்குத்தான் உண்டு. படத்தில் இருப்பவளுக்குக் கிடையாது. அந்த சுவிட்சும் எப்படி இருக்கிறது பாருங்கள். ஃபிக்மா என்ற வடிவமைப்பு சாஃப்ட்வேர், வாடிக்கையாளர் வேலைகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவைப் பழக்கப் போவதாக 2024-ல் அறிவித்தது. இலவசமாகவோ குறைந்த சந்தாவிலோ இருப்பவர்களுக்கு அந்த அனுமதி தானாகவே போடப்பட்டிருக்கும், வேண்டாமென்றால் அவர்களே தேடி அணைக்க வேண்டும். பெரிய நிறுவனச் சந்தாக்களுக்குத் தானாகவே அணைந்திருக்கும். காசுள்ளவனைக் கேட்டுக்கொண்டு தொடுவது, இல்லாதவனைத் தொட்டுவிட்டுக் கேட்பது. கேன்வா நிறுவனத்தில் 2019 மே மாதம் திருட்டு நடந்தபோது சுமார் 13 கோடியே 90 லட்சம் பேரின் பெயர், மின்னஞ்சல் போன்ற விவரங்கள் போயின. அதில் இந்த ஊர்ப் பக்கத்துக் கடைக்காரர்களும் இருந்திருக்கலாம். சேர்த்து வைத்தால் ஒருநாள் இதுவும் நடக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பின்தொடரும் சுவிட்ச் அணைந்தபடி வரட்டும், வேண்டுபவர் போட்டுக்கொள்ளட்டும். அடித்து முடித்த வேலை, குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு தானாகப் பிரிந்து போகட்டும். என் காகிதத்தைத் தொட்டவர் பட்டியல் எனக்குக் கிடைக்கட்டும். மூன்றுமே எங்கள் அலுவலகத்திலும் அந்த அச்சகத்திலும் கம்ப்யூட்டர் இல்லாமலே நடந்தவை.

தம்பியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அழைப்பிதழை அழித்தான். அழித்தது அங்கேயே குப்பைத் தொட்டியில் கிடந்தது. அதிலிருந்தும் அழித்தோம். இன்டர்நெட் இல்லாமலே ஓடும் இங்க்ஸ்கேப் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, மருமகன் வந்து போட்டுக் கொடுத்தார். தம்பி இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, "இதுல அஞ்சு நிமிஷ வேலைக்கு அம்பது நிமிஷம் ஆகுதுங்கய்யா, முகூர்த்த நாள்ல எட்டு கார்டு வருது, நான் என்ன பண்றது?" என்றான். அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சின்னப் பிள்ளைகள் படம் உள்ள வேலையை மட்டும் இதில் செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டான். மற்றதற்குச் சொந்தக் கணக்கு ஒன்று எடுத்திருக்கிறான்.

பொதுப் பெட்டியில் யாராவது பிரதி எடுத்து வைத்திருந்தால் அதை அழிக்க அந்தக் குழுக் கணக்கின் சொந்தக்காரரால்தான் முடியும். தம்பி கொடுத்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு விண்ணப்பம் எழுதினேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு, அலுவலக முறைப்படி. பேத்தி தினமும், "பார்த்துட்டாரா தாத்தா?" என்று போனில் கேட்கிறாள். பதினேழு நாள் ஆகிறது. இன்னும் ஒற்றை டிக்தான்.